ஓட்டுக்கூரையில பாசியும் வெள்ளை வட்டமும்: மழைத்தொட்டி உள்ள வீட்டில என்ன அடிக்கலாம்?

கேள்வி: வடக்குச்சரிவு (ஒட்டுசுட்டான்)

முன்வீடு கலிகட் ஓடு. கூரை மொத்தம் 80 சதுர மீற்றர் வரும், வடக்கும் தெற்குமா இரண்டு சரிவு, சாய்வு 25 பாகை. பின்னால குசினியும் பத்தியும் அஸ்பெஸ்டஸ் சீற். வடக்குப் பக்கம் பெரிய மாமரம் ஒண்டு கூரைக்கு மேல கவிஞ்சு நிக்குது.

இப்ப உள்ள நிலைமை இதுதான். வடக்குச் சரிவில ஓட்டுக்கும் ஓட்டுக்கும் இடையில ஒரு இஞ்சி மொத்தத்துக்குப் பச்சைப்பாசி. தெற்குச் சரிவில பாசி இல்லை, ஆனா கறுப்புக் கறுப்பா வழிஞ்ச மாதிரி கிடக்கு. முகட்டோட்டில சாம்பல் வெள்ளையும் செம்மஞ்சளுமா வட்டம் வட்டமா ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கு, நகத்தால சுரண்டினாலும் வராது. மார்கழி மழைக்கு வடக்குச் சுவரோரம் இரண்டு இடத்தில ஒழுகினது. ஏறிப் பாத்தா ஒரு ஓடும் உடையேல்லை.

ஆளாளுக்கு ஒண்டு சொல்லுகினம். கனடாவில இருக்கிற மச்சான் ஒரு வீடியோ அனுப்பினவர். அங்க சிங்கிள் எண்ட தார்ப்பாய்க் கூரைக்கு புளீச்சும் (குளோரின் கரைசல்) தண்ணியும் பாதிக்குப் பாதி கலந்து அடிச்சு, முகட்டில நாகத் (சிங்க்) தகடும் பதிக்கினம். மேசன் பிரஷர் மெசின் வாடகைக்கு எடுத்து அடிப்பம் எண்டுறார். பக்கத்துக் காணிக்காரர் துரிசு (செம்புச் சல்பேற்) கரைச்சு ஊத்தச் சொல்லுறார்.

வடக்குச் சரிவுப் பீலியில இருந்துதான் 8000 லீற்றர் மழைத்தொட்டிக்குத் தண்ணி போகுது, குடிக்கிறதும் அதுதான். இப்ப தை முடியுது, மழை விட்டிட்டுது. எதை, எவ்வளவு, எப்ப அடிக்கிறது?

---

பதில் 1: கைமரம்

முதல்ல மெசினை விடுங்கோ. கலிகட் ஓட்டுக்கு மேல சூளையில வெந்து இறுகின மெல்லிய தோல் ஒண்டு இருக்கு. பிரஷர் தண்ணி அந்தத் தோலை உரிச்சுப்போடும். பிறகு ஓடு கூடத் தண்ணி குடிக்கும், கன நேரம் ஈரமா நிக்கும், அடுத்த மாரிக்குப் பாசி இப்ப உள்ளதை விட மொத்தமா வரும். கீழ இருந்து மேல பாத்து அடிச்சா ஓட்டு மடிப்புக்குள்ளால தண்ணி நேர சீலிங்கில இறங்கும். கழுவின அண்டைக்குக் கூரை புதுசு மாதிரி இருக்கிறதாலதான் அந்த மெசினுக்கு இவ்வளவு பேர்.

நீங்கள் சொன்ன மூண்டும் மூண்டு விதமான சாமான். மூண்டுக்கும் ஒரே வைத்தியம் சரிவராது.

பச்சைப்பாசிதான் உண்மையா கூரையைக் கெடுக்கிறது. அதுக்கு வேர் இல்லை, மெல்லிய நார்தான், ஆனா தண்ணியைப் பிடிச்சு வைச்சிருக்கும். கலிகட் ஓட்டின்ர பக்கவாட்டில ஒண்டுக்குள்ள ஒண்டு கொளுவுற கால்வாய் இருக்கெல்லோ, பாசி அதை அடைச்சுப்போடும். மேல இருந்து வாற தண்ணி அந்த அடைப்பில முட்டி, கால்வாய் விளிம்பைத் தாண்டி உள்ளுக்க விழும். உங்கட ஒழுக்குக்கு ஓடு உடைய வேண்டிய அவசியமே இல்லை. ஒழுகின இடத்துக்கு நேர மேல நாலு ஓட்டைத் தூக்கிப் பாருங்கோ. கால்வாய் முழுக்கக் கறுப்புச் சேறும் நாரும் இறுகிக் கிடக்கும். ஒரு ஈர்க்கை முறிச்சு அதை வழிச்சு எடுங்கோ. அப்பிடியே ஓட்டைத் தாங்கிற குறுக்குச் சட்டமான சலாகையிலயும் ஒரு ஆணியைக் கையால குத்திப் பாருங்கோ. நல்ல மரமெண்டால் நுனி மட்டும்தான் ஏறும். அரை இஞ்சி இறங்கினா அந்தச் சலாகை உக்கிப்போச்சு, மாத்தத்தான் வேணும்.

தெற்குச் சரிவுக் கறுப்பு ஒரு வகை நீலப்பச்சைப் பாசி. வெயில் தாங்கிறதுக்குத் தானே ஒரு கறுப்புத் தோல் போட்டுக்கொள்ளும். ஓட்டுக்குப் பெரிய கெடுதி இல்லை, வடிவுக் குறைச்சல்தான். குசினிப் புகைக் கரியும் இதே மாதிரித்தான் தெரியும். கலந்த குளோரின் தண்ணி ஒரு சொட்டு விட்டுப் பாருங்கோ: பத்து நிமிசத்தில வெளிறினா பாசி, அப்பிடியே இருந்தா கரி.

முகட்டு வட்டங்கள் லைக்கன். பூஞ்சணமும் பாசியும் ஒண்டாச் சேர்ந்து வாழுற சாமான். பூஞ்சணத்தின்ர நார் ஓட்டின்ர நுண்துளைக்குள்ள இறங்கி நிக்கும், அதாலதான் சுரண்ட வராது. உளி, வயர் பிறஸ் ஒண்டும் வேண்டாம், ஓட்டுத் தோலும் சேர்ந்து வரும். அது ஒழுக்குக்குக் காரணமும் இல்லை. எனக்கெண்டால் லைக்கனை அப்பிடியே விடலாம்.

வடக்குப் பக்கம் கூட வளர்றதுக்கு மாமரம் மட்டும் காரணமில்லை. மார்கழியில நடுப்பகலிலும் சூரியன் எங்கட ஊரில உச்சியில இருந்து 33 பாகை அளவு தெற்கால சாய்ஞ்சு நிக்கும். 25 பாகைச் சாய்வில வடக்குச் சரிவுக்கு விழுற நடுப்பகல் வெயில் தெற்குச் சரிவுக்கு விழுறதில பாதி அளவுதான். மழையும் அந்த நாளில வடகிழக்கால அடிக்கிறது. நனையிறதும் கூட, காயிறதும் பிந்தி. மரத்தை வெட்டத் தேவையில்லை. கூரைக்கு மேல வந்த கொப்பை எடுத்து, விளிம்பில இருந்து 6 அடி இடைவெளி விட்டா காணும்.

இனி வேலை. இப்பதான் இதுக்குச் சரியான காலம். பாசி இன்னும் பச்சையா உயிரோட இருக்கு, மழை விட்டிட்டுது. ஆடி, ஆவணியில கச்சான் காத்துக்குக் காய்ஞ்சு மண்ணிறமா கிடக்கிற பாசி செத்ததில்லை, உறங்குது. அதுக்கு மருந்து அடிச்சா உறிஞ்சாது. முதல் மழைக்குத் திரும்பப் பச்சை பிடிக்கும். «அடிச்சனான், வேலை செய்யேல்லை» எண்டு சொல்லுற பாதிப் பேர் அந்த நேரம் அடிச்ச ஆக்கள்.

மொத்தமான பாசியை முதல்ல கையால எடுக்கோணும். குளோரின் மேல்ப்பச்சையோட சண்டை பிடிச்சே தன்ர பலத்தை முடிச்சிடும், அடியில உள்ளதுக்குப் போய்ச் சேராது. பனி ஈரம் இருக்கிற விடியப்புறத்தில மரத்தட்டு ஒண்டாலயோ பிளாஸ்ரிக் சட்டகப்பையாலயோ தள்ளினா கட்டி கட்டியாக் கழண்டு வரும். எப்பவும் மேல இருந்து கீழ தள்ளுங்கோ. கீழ இருந்து மேல தள்ளினா அவ்வளவும் மடிப்புக்குள்ள போய் இறுகும்.

கலவை: ரீசிஎல் எண்டு விக்கிற குளோரின் பவுடர் புதுசா இருந்தா 30 வீதம் குளோரின் இருக்கும். வடக்குச் சரிவுக்கு 2 வீதக் கரைசல் வேணும். 12 லீற்றர் தண்ணிக்கு 800 கிராம். பிளாஸ்ரிக் வாளியில முதல்ல தண்ணி, பிறகு பவுடரைக் கொஞ்சம் கொஞ்சமாப் போட்டுத் தடியால கலக்கி, மூடி ஒரு மணித்தியாலம் விடுங்கோ. சுண்ணாம்பு அடியில படியும். மேல தெளிஞ்ச 10 லீற்றரை மட்டும் துணியில வடிச்சு எடுங்கோ. வடிக்காட்டி மருந்தடிக்கிற மெசின் நொசில் அடைக்கும், ஓட்டிலயும் வெள்ளை படியும். 10 லீற்றர் 40 சதுர மீற்றருக்குப் போதும். தெற்குக் கறுப்புக்கு அடிக்கிறதெண்டால் 1 வீதம், அதாவது பவுடர் பாதி. திறந்து கன நாள் கிடந்த பவுடர் பலம் போயிருக்கும், அதை வாங்காதேங்கோ.

வயலுக்கு மருந்தடிக்கிற 16 லீற்றர் மெசின் பாவிக்கலாம். களைகொல்லி அடிச்சதெண்டால் மூண்டு தரம் அலசிப்போட்டு. முடிஞ்சவுடன திரும்பவும் அலசுங்கோ, குளோரின் அதின்ர ரப்பரையும் பித்தளை நொசிலையும் தின்னும்.

காத்தில்லாத காலமை, வெயில் ஏற முதல், அடுத்த இரண்டு நாளைக்கு மழை வராது எண்ட நேரத்தில அடியுங்கோ. உச்சி வெயிலில அடிச்சா வேலை செய்ய முதல் காய்ஞ்சிடும். அரை மணித்தியாலம் ஈரமா நிக்கோணும், காயிற மாதிரித் தெரிஞ்சா இன்னொருக்கால் மெல்லிசா. பிறகு சாதாரண பைப் தண்ணியால மேல இருந்து அலசி விடுங்கோ. இரண்டு மூண்டு கிழமையால பச்சை மிஞ்சின இடத்துக்கு மட்டும் இன்னொரு தரம். செத்த பாசி சித்திரை வெயிலுக்குக் காய்ஞ்சு பொருபொருக்கும், அப்ப தும்புத்தடியால கூட்டினா போயிடும்.

பவுடரைக் கையாளேக்க கிளவுஸும் கண்ணாடியும் கட்டாயம். கக்கூஸ் கழுவுற அசிற் அதே வாளியில ஒரு சொட்டும் படக் கூடாது. நச்சு வாயு வரும், மூச்சு நிண்டிடும்.

---

பதில் 2: சீற்_சலாகை (மாங்குளம்)

கைமரம் ஓட்டுக்குச் சொன்னது சரி. ஆனா அதைப் பின்பத்திக்குக் கொண்டு போக வேண்டாம். அஸ்பெஸ்டஸ் சீற்றில கூட்டிற வேலையே இல்லை.

சீற்றில இருக்கிறது சீமெந்தில கட்டின வெள்ளை அஸ்பெஸ்டஸ் நார். மழைத்தண்ணி வருசக்கணக்கா மேல்ச் சீமெந்தைக் கரைக்க, நார் வெளியில தெரியத் தொடங்கும். பாசி அந்தச் சொரசொரப்பில பிடிக்கிறது. காய்ஞ்ச நேரத்தில பிறஸ் போட்டா, தும்புத்தடியால கூட்டினாக்கூட, அந்த நார் தூசா எழும்பும். கண்ணுக்குத் தெரியாது. நுரையீரலுக்குள்ள போனா வெளியில வராது, வருத்தம் காட்ட இருபது முப்பது வருசம் எடுக்கும். பிரஷர் மெசின் இன்னும் மோசம், நாரை முற்றம் முழுக்க விசிறும். அவுஸ்திரேலியாவில அஸ்பெஸ்டஸுக்கு ஹை பிரஷர் தண்ணி பாவிக்கிறதைச் சட்டத்தாலேயே தடுத்து வைச்சிருக்கு.

செய்யக் கூடினது இவ்வளவுதான். சீற் நல்லா நனைஞ்சு இருக்கேக்க, ஏணியில நிண்டபடி கைக்கு எட்டிற மொத்தப் பாசியை மட்டும் பிளாஸ்ரிக் தட்டால மெல்லத் தள்ளி எடுங்கோ. எடுத்ததை ஈரத்தோடயே பொலித்தீன் பையில போட்டு, அதை இன்னொரு பைக்குள்ள போட்டுக் கட்டுங்கோ. தோட்டத்துக்குப் பசளையாப் போட வேண்டாம். பிறகு 1 வீதக் குளோரினை மெல்லிய விசிறலா அடிச்சுப்போட்டு விடுங்கோ. செத்தது அடுத்த மாரிக்குத் தானா கழுவுப்படும். அவசரப்பட ஒண்டும் இல்லை, சீற்றில பாசி இருக்கிறதால மட்டும் ஒழுகாது. 6 இஞ்சி மேல்மடிப்புக்குள்ள பாசி ஏறியிருந்தாத்தான் தண்ணி பின்னால ஏறும்.

சீற்றுக்கு மேல நேரா மிதிக்கிறது கூடவே கூடாது. பழைய சீற் சொல்லாமல் உடையும். ஏறத்தான் வேணுமெண்டால் 9 இஞ்சி அகலப் பலகை இரண்டு, ஆணி வரிசைக்குக் குறுக்கா, குறைஞ்சது இரண்டு வளையில தாங்கிற மாதிரிப் போட்டு, ஒண்டில நிண்டுகொண்டு மற்றதை நகர்த்துங்கோ.

மேல்ப்புறம் பஞ்சு மாதிரிப் பொசுபொசுத்துப் போன சீற்றெண்டால் பாசியைத் தொடவே வேண்டாம். அதை மாத்திறதுக்குக் காசு சேருங்கோ.

---

கேட்டவர்: வடக்குச்சரிவு

இரண்டு பேருக்கும் நன்றி. நாலு ஓடு தூக்கிப் பாத்தன், கைமரம் அண்ணை சொன்ன மாதிரியே கால்வாய் அடைச்சுத்தான் கிடக்கு. சலாகை ஒண்டில ஆணி முக்கால் இஞ்சி இறங்குது.

இரண்டு விசயம் இன்னும் விளங்கேல்லை. குளோரின் அடிச்சா தொட்டித் தண்ணி என்னாகும்? மற்றது, துரிசும் நாகத் தகடும் ஏன் வேண்டாம்? ஒருக்கா அடிச்சு ஒவ்வொரு வருசமும் ஏறாமல் விடலாமெண்டால் அதுதானே நல்லது.

---

பதில் 3: மழைத்தொட்டி (வவுனியா)

தொட்டியைப் பற்றி நான் சொல்லுறன். எங்கட பக்கம் சிறுநீரக வருத்தத்துக்குப் பயந்து கிணத்தை விட்டு மழைத்தண்ணிக்கு வந்த வீடுகள் கனக்க. கூரையைக் கழுவப் போய் அந்தத் தண்ணியைக் கெடுத்தா ஒரு பிரயோசனமும் இல்லை.

பாசியில கை வைக்க முதல் பீலியில இருந்து தொட்டிக்குப் போற பைப்பைக் கழட்டுங்கோ. தொட்டி வாயை மூடிக் கட்டுங்கோ. பைப்பின்ர நுனியை மரக்கறிப் பாத்தி இல்லாத பக்கம் திருப்பி விடுங்கோ. கிணறு கூரைக்குக் கிட்டவெண்டால் அதையும் பொலித்தீனால மூடுங்கோ. கூரையோரத்தில நிக்கிற மல்லிகை, மிளகாய்க்கண்டு எல்லாத்துக்கும் அடிக்க முதலும் அடிச்ச பிறகும் நல்லாத் தண்ணி ஊத்துங்கோ. ஈரமா இருக்கிற இலை குளோரினைக் குறைவா எடுக்கும். மீன் தொட்டி, மாட்டுத் தொட்டி இருந்தா அதுகளையும் மூடுங்கோ.

குளோரின் எனக்குப் பெரிய பயமில்லை. அது வெயிலிலயும் காத்திலயும் நாள்க்கணக்கில போயிடும். மாசியில அடிச்சா ஐப்பசி மழைக்கு ஒண்டும் மிஞ்சாது. பிரச்சினை செத்த பாசிதான். அது துகளாத் தொட்டிக்குள்ள போய் அடியில படிஞ்சு அழுகினா தண்ணி தேத்தண்ணி நிறத்துக்கு வரும், நாறும். அந்தத் தண்ணிக்குப் பிறகு குளோரின் போட்டா அழுகலோட சேர்ந்து வேண்டாத சேர்வைகள் உண்டாகும். அதாலதான் சித்திரையில கூட்டி, பீலியையும் கையால வழிச்சு எடுத்த பிறகு தொட்டியை இணைக்கச் சொல்லுறது. அதுக்குப் பிறகும் முதல் இரண்டு நல்ல மழையை, சேர்த்து ஒரு 25 மில்லிமீற்றரை, வெளியில விடுங்கோ.

முதல் தண்ணி ஒதுக்கிற பைப் இல்லையெண்டால் இந்த முறை போட்டுவிடுங்கோ. 1 மில்லிமீற்றர் மழை 1 சதுர மீற்றரில விழுந்தா 1 லீற்றர். உங்கட வடக்குச் சரிவு 40 சதுர மீற்றர், ஆகவே ஒவ்வொரு மழையிலயும் முதல் 1 மில்லிமீற்றரை ஒதுக்க 40 லீற்றர் இடம் வேணும். 4 இஞ்சி பிவிசி பைப் ஒரு மீற்றரில எட்டரை லீற்றர்தான் பிடிக்கும், கிட்டத்தட்ட 5 மீற்றர் நீளம் தேவைப்படும். அதை விட மூடியுள்ள 50 லீற்றர் பிளாஸ்ரிக் பீப்பா ஒண்டைத் தொட்டிக்கு முன்னால வைக்கிறது லேசு. பீப்பா நிறைஞ்ச பிறகுதான் தண்ணி தொட்டிக்குத் திரும்போணும். அடியில 3 மில்லிமீற்றர் ஓட்டை ஒண்டு விட்டா அடுத்த மழைக்கு முதல் தானா வடிஞ்சிடும். அந்த ஓட்டை பாசித் துகளால அடைபடும், மாரி தொடங்கினா கிழமைக்கு ஒருக்கா ஈர்க்கால குத்தி விடுங்கோ. பீப்பாவுக்கும் தொட்டிக்கும் நுளம்பு போகாத வலை, 1 மில்லிமீற்றர் கண்ணுக்கு மேல வேண்டாம்.

தொட்டி நிறைஞ்ச பிறகு கிருமி போக்கிறதுக்கு லீற்றருக்கு 5 மில்லிகிராம் குளோரின் அளவு. 30 வீதப் பவுடரில 1000 லீற்றருக்கு 17 கிராம், 8000 லீற்றருக்கு 135 கிராம். வாளியில கரைச்சுத் தெளிய விட்டு, தெளிவை மட்டும் ஊத்திக் கலக்குங்கோ. அரை மணித்தியாலத்துக்கு முதல் குடிக்க வேண்டாம்.

சீற்றுப் பத்தியில இருந்து ஒரு துளியும் தொட்டிக்கு எடுக்க வேண்டாம். பீலி ஒண்டா இருந்தா பிரிச்சு விடுங்கோ.

---

பதில் 4: நாகத்தகடு

துரிசு, நாகம் இரண்டும் வேலை செய்யும். பொய்யில்லை. எங்க செய்யும், எங்க செய்யாது எண்டதுதான் விசயம்.

மச்சான் அனுப்பின வீடியோ அவையின்ர கூரைக்குச் சரி. கனடாச் சிங்கிள் எண்டது தார் பூசின பாயில கல்லுக்குருணி ஒட்டினது. அதுக்குள்ள சுண்ணாம்புக்கல் மாவும் கலக்கிறவை. கறுப்பா வழியிற குளோயோகாப்சா மாக்மா எண்ட பாசிக்கு அந்தச் சுண்ணாம்பு நல்ல சாப்பாடு. சிங்கிளைத் தேய்க்கவும் ஏலாது, பிரஷர் அடிக்கவும் ஏலாது, குருணி கழண்டு போகும். அதாலதான் அங்க வீட்டுப் புளீச்சும் தண்ணியும் பாதிக்குப் பாதி கலந்து, 15–20 நிமிசம் விட்டு, மெல்லிய தண்ணியால அலசிற முறை வந்தது. வீட்டுப் புளீச்சில குளோரின் 5 வீதம் அளவு, பாதியாக்கினா இரண்டரை. கைமரத்தின்ர 2 வீதக் கணக்கும் கிட்டத்தட்ட அதே இடத்திலதான் வந்து நிக்குது. இங்க பவுடர் மலிவு, அவ்வளவுதான் வித்தியாசம்.

நாகத் தகடு வேலை செய்யிற விதம் இது: மழைத்தண்ணி தகட்டில பட்டு, கொஞ்சம் நாகம் கரைஞ்சு, கூரையில மெல்லிய படலமாப் பரவி இறங்கும். சமதட்டான சிங்கிளில அது ஒழுங்காப் பரவும். அங்கயும் தகட்டுக்குக் கீழ ஒரு 10, 15 அடிக்குப் பிறகு பலம் குறைஞ்சிடும். கலிகட் ஓட்டில தண்ணி பள்ளத்தால மட்டும் ஓடும், மேட்டில நாகம் படாது. பாசி மேட்டோரத்தில சுகமா இருக்கும். ஏற்கனவே இருக்கிற மொத்தப் பாசியை அது கொல்லவும் மாட்டுது, புதுசா வாறதைத் தடுக்கிறது மட்டும்தான். செம்பு இன்னும் பலமானது. ஆனா முகட்டில செம்புத் தகடு போட்டா இங்க பாசிக்கு முதல் கள்ளன்தான் ஏறுவான்.

குடிக்கிற தண்ணிக் கூரைக்கு நான் இரண்டையும் சொல்ல மாட்டன். உலக சுகாதார நிறுவனம் குடிதண்ணியில செம்புக்கு லீற்றருக்கு 2 மில்லிகிராம் எண்டு எல்லை வைச்சிருக்கு. நாகம் 4 மில்லிகிராம் அளவுக்கு வந்தா தண்ணி துவர்க்கத் தொடங்கும்.

துரிசுக்கு இன்னொரு குணம். இரும்பையும் நாகத்தையும் கண்டால் செம்பு அதுகளில போய்ப் படிஞ்சு, அதுகளைக் கரைச்சுவிடும். தகரப் பீலியும் கூரை ஆணியும் கெதியா உக்கிப்போகும். கழுவின தண்ணி குளத்துக்குப் போனா மீன் சாகும், மண்ணில இறங்கினா செம்பு அங்கயே கிடக்கும். தண்ணி சேர்க்காத மதில், கிணத்தடிச் சீமெந்து வழுக்கல் மாதிரி இடத்துக்கு வேணுமெண்டால் பிளாஸ்ரிக் வாளியில 1 வீதம், 10 லீற்றருக்கு 100 கிராம், பாவிக்கலாம். கிணத்துக்குள்ள வழிஞ்சு போகாத இடமா இருக்கோணும்.

ஒருக்கா அடிச்சு ஏறாமல் விடுற மருந்து எண்டு ஒண்டும் இல்லை. கொப்பு வெட்டி வெயில் விழ விட்டா இரண்டு மூண்டு வருசத்துக்கு ஒருக்கா ஏறினா காணும்.

---

பதில் 5: சீற்_சலாகை

மழைத்தொட்டி சொன்னதோட ஒண்டு: கடையில பென்சல்கோனியம் குளோரைட் 50 வீதக் கரைசல் கேனில வரும், பாசிக்கு நல்ல மருந்து. லீற்றருக்கு 40 மில்லிலீற்றர் கலந்தா 2 வீதம். நிறம் வெளிறாது, தகரத்தைக் குளோரின் அளவுக்குத் தின்னாது, அமானோ சீற் (நிறம் பூசின தகரம்) போட்ட வீட்டுக்கு அதுதான் நல்லது. அலசவும் தேவையில்லை. மெதுவாத்தான் கொல்லும், பாசி மண்ணிறமாக ஒண்டு இரண்டு கிழமை எடுக்கும். சவர்க்காரத் தூளோட கலந்தா பலமே இல்லாமல் போகும். குளோரினோடயும் கலக்க வேண்டாம். ஆனா குடிதண்ணி எடுக்கிற கூரைக்கு இது இல்லை.

---

கேட்டவர்: வடக்குச்சரிவு

விளங்கீட்டுது, குளோரின்தான். கடைசியா ஒண்டு: சலாகை மாத்த ஓடு பிரிக்கத்தான் வேணும். பிரிக்கிறதோட பிரிக்கிறதா எல்லா ஓட்டையும் கீழ இறக்கிக் கழுவிப் பெயின்ற் அடிச்சு ஏத்தினா என்ன?

---

பதில் 6: கைமரம்

பிரிக்கிறதெண்டால் வடக்குச் சரிவை மட்டும் பிரியுங்கோ. சதுர மீற்றருக்கு 15 ஓடு கணக்கில 600 ஓடு வரும். பழைய ஓடு பிரிக்கேக்க உடையும், 60 ஓடு கூட எடுத்து வையுங்கோ. குரங்கு வாற ஊரெண்டால் அது பிறகும் தேவைப்படும். வாங்க முதல் பழைய ஓடு ஒண்டைக் கொண்டுபோய்க் கடையில கொளுவிப் பாருங்கோ. ஒவ்வொரு சூளைக்கும் அச்சு கொஞ்சம் கொஞ்சம் வித்தியாசம், கால்வாய் பொருந்தாட்டி அதுவும் ஒழுக்குத்தான்.

கீழ இறக்கின ஓட்டைக் கையில தொங்கவிட்டு விரல் மொழியால தட்டுங்கோ. கணீரெண்டு கேட்டா நல்லது, செத்த சத்தம் வந்தா உள்வெடிப்பு. வெடிப்பில்லாத ஓட்டில சந்தேகமானதை நல்லாக் காய வைச்சு நிறுத்து, ஒரு நாள் தண்ணிக்குள்ள போட்டு எடுத்துத் திரும்ப நிறுங்கோ. இரண்டரைக் கிலோ ஓடு அரைக் கிலோவுக்கு மேல தண்ணி குடிச்சிருந்தா அதை ஏத்த வேண்டாம், கோழிக்கூட்டுக்குப் போடுங்கோ. பாசி திரும்பத் திரும்ப வாறது அப்பிடியான ஓட்டிலதான்.

கீழ வைச்சுக் கழுவிறது நல்ல யோசனை. நைலோன் பிறஸும் தண்ணியும் போதும், கால்வாய்க்கு ஈர்க்கு. கழுவின ஓட்டை 1 வீதக் குளோரினில பத்து நிமிசம் தோய்ச்சு, நல்ல தண்ணியில அலசி, வெயிலில இரண்டு நாள் அடுக்கி வையுங்கோ.

பெயின்ற் வேண்டாம். அடிப்பக்கம் திறந்துதானே கிடக்கு, ஓடு ஈரத்தை அந்தப் பக்கத்தால எடுக்கும். மேல பெயின்ற் படலம் மூடியிருந்தா ஈரம் வெளியில வர வழியில்லாமல் படலத்தைத் தள்ளும், பொரிஞ்சு உரியும். உரிஞ்ச செதில் உங்கட தொட்டிக்குத்தான் போகும். உரிஞ்ச விளிம்புக்குக் கீழ பாசியும் இன்னும் சுகமாப் பிடிக்கும்.

முகட்டோட்டுச் சாந்தையும் ஒருக்கா பாருங்கோ. லைக்கனை எடுக்கிறன் எண்டு யாரும் அசிற் ஊத்தியிருந்தா சாந்து மணலா உதிரும். உதிர்ந்தா அந்த இடத்தை மட்டும் வெட்டி, ஒண்டுக்கு நாலு சீமெந்து மணலில திரும்பப் பூசுங்கோ. பூச முதல் ஓட்டை நனைக்க மறக்க வேண்டாம். காய்ஞ்ச ஓடு கலவைத் தண்ணியைக் குடிச்சு, பூச்சு ஒரு கிழமைக்குள்ள மயிர் வெடிப்பு விடும்.

ஏறி நிக்கேக்க ஓட்டின்ர கீழ் நுனியில, மேல் ஓடு கீழ் ஓட்டில படுற இடத்தில மிதியுங்கோ. அதுக்கு நேர கீழதான் சலாகை இருக்கு. நடு ஓட்டில மிதிச்சா உடையும். முகட்டுக்கு மேலால கயிறு எறிஞ்சு, மறுபக்கத்தில உறுதியான மரமொண்டின்ர அடியில கட்டி, மற்ற நுனியை இடுப்பில போடுங்கோ. ஏணி 4 அடி உயரத்துக்கு 1 அடி வெளியில நிக்கட்டும். கறண்ட் வயர் வீட்டுக்குள்ள வாற மூலையில அலுமினிய ஏணி வைக்க வேண்டாம்.